சதுர பன்

வட்ட பன்னுக்கு அரசாங்கம் விலை நிர்ணயித்த அன்று பேக்கரி அக்கா கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாவும் கேஸும் விற்கிற விலையில், அவர்கள் சொன்னபடி விற்றால் மாதக் கடைசியில் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். ஆணையில் கையெழுத்துப் போட்ட புண்ணியவான் வாழ்நாளில் ஒரு பிடி மாவு பிசைந்திருக்க மாட்டார். அதைக் கொண்டுவந்து கடைச் சுவரில் ஒட்டியவன் வேறு யாருமல்ல, அவளுடைய சொந்தத் தம்பி. விலைக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் இன்ஸ்பெக்டர்.

"கோவிச்சுக்காதக்கா. மீறினா நானே வந்து சீல் வைக்கணும்."

"வைப்படா, வைப்ப!"

அவன் போனதும் அக்கா ஆணையை நாலு தடவை படித்தாள். 'வட்ட வடிவ பன்' என்றுதான் இருந்தது. மறுநாள் அவள் மாவை உருட்டவில்லை. பலகையில் பரப்பி, கத்தியால் கட்டம் கட்டமாக வெட்டினாள். விலையையும் தனக்குக் கட்டுப்படியாகிற மாதிரி கூட்டியே வைத்தாள்.

தட்டில் அடுக்கும்போதுதான் விஷயம் புரிந்தது. உருண்டைகளுக்கு நடுவே வீணாகிற இடம் இதில் இல்லை. மூன்று முறை சுடுவது இரண்டு முறையில் முடிந்தது, உருட்டுகிற நேரமும் மிச்சம். இத்தனை வருஷம் இது தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

எதிர்க்கடைக்காரர் சும்மா இருப்பாரா? மூன்றாம் நாளே அவரும் சதுரத்துக்கு மாறி, விலையைக் கொஞ்சம் இறக்கினார். இவள் விடுவாளா? இவளும் இறக்கினாள். ஒரு வாரம் இரண்டு பேரும் விட்டேனா பார் என்று இறக்கினார்கள். தெருவே வரிசையில் நின்றது. காலை எட்டு மணிக்கெல்லாம் அக்காவின் தட்டுகள் காலி. கேஸும் நேரமும் மிச்சமானதில் அந்த விலையிலும் கையில் நாலு காசு நின்றது.

ஆணையை மீறுகிறாள் என்று யாரோ புகார் கொடுத்துவிட, தம்பி அரக்கும் முத்திரையுமாக வந்து நின்றான்.

அவன் ஒரு பன்னை எடை போட்டான். குறைவில்லை. விலைப்பலகையைப் பார்த்தான், சுவரில் ஒட்டிய ஆணையைப் பார்த்தான், மறுபடியும் பலகையைப் பார்த்தான்.

"அக்கா, இது நாங்க வச்ச விலையை விடக் கம்மியா இருக்கே!"

"ஆமா. அதுக்கும் சீல் உண்டா?"

தம்பி முத்திரையைப் பைக்குள் போட்டுவிட்டு அறிக்கை எழுத உட்கார்ந்தான். அக்கா எட்டிப் பார்த்தாள். 'ஆணையின் பலனாக பன் விலை குறைந்துள்ளது.'

"அடப்பாவி! உங்க ஆணைகிட்டேருந்து தப்பிக்கப் போய்தானேடா குறைஞ்சுது!"

"அப்படி எழுதினா என் வேலை போயிடும்க்கா."

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சூடான பன் ஒன்றை அவன் கையில் திணித்தாள்.

"நல்ல பேரை நீங்களே வச்சுக்கோங்கடா. என் அடுப்பை மட்டும் என்கிட்ட விட்டுடுங்க."