பன்னிரண்டு பாகை

மாலையோடு குனிந்த பக்கத்து வீட்டு விநாயகத்தின் கையை அன்புக்கரசி பிடித்துத் தடுத்தாள். ஐஸ் பெட்டிக்குள் அவளுடைய நைனா தனகோட்டி கிடந்தார். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார்.

“ஒங்க மாடி லைட்ட கழட்டிட்டு வாங்க பெரிப்பா. அப்பால மாலை போடுங்க.”

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். தெருவுக்கே கதை தெரியும். முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் கரண்ட் கம்பம் ஏறிய தனகோட்டிக்கு, ரிட்டயர் ஆனதும் வானத்துப் பைத்தியம் பிடித்தது. கேமரா வாங்கினார். வானம் நகரும் வேகத்துக்கு அந்தக் கேமராவைத் திருப்புகிற டிராக்கரும் வாங்கினார். தோட்டத்திலிருந்தே ஆண்ட்ரோமீடா விண்மீன் திரளைப் படம் பிடித்தே தீருவேன் என்று நின்றார். எடுத்த படத்திலெல்லாம் நட்சத்திரங்கள் கோடுகோடாக இழுத்துக்கொண்டு வந்தன. எல்லாவற்றுக்கும் பக்கத்து மாடி ஃபோகஸ் லைட்தான் காரணம் என்றார். கொஞ்ச நேரம் அணைக்கச் சொல்லிக் கேட்டதற்கு, வேலைவெட்டி இல்லாதவன் நட்சத்திரம் பிடிக்கிறானாம் என்று விநாயகம் தெரு சிரிக்கச் சொன்னார். அதன்பிறகு நைனா தலைகுனிந்துதான் கடைக்குப் போனார். படம் கெட்டதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். அந்தக் குனிந்த தலையைப் பொறுக்க முடியவில்லை.

விநாயகம் போய் லைட்டைக் கழற்றி எடுத்து வந்தார். பந்தல் காலருகே வைத்துவிட்டு மாலை போட்டார். தெரு பார்க்க அவர் தலைகுனிந்து திரும்பியதில் அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

மறுநாள் பால் தெளித்துவிட்டு உறவுக்காரர்கள் பஸ் ஏறினார்கள். இரவு எட்டு மணிக்கு அவள் கேமராவைத் தோட்டத்துக்குத் தூக்கி வந்தாள். நைனாவுக்கு டார்ச் பிடித்திருக்கிறாளே தவிர, அதைத் தொட்டதில்லை. அவருடைய நோட்டைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக முடுக்கினாள். பக்கத்து மாடி கும்மிருட்டு. படத்தைப் பார்த்தாள். அதே கோடுகள்.

வெளிச்சம் படத்தை வெளுக்க வைக்கும், கோடாக இழுக்காது. அவள் நோட்டை மறுபடி புரட்டினாள். டிராக்கரைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்க்கிற கோணம் நாற்பது என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். அது வீடியோவில் சொல்லிக்கொடுத்த வெளிநாட்டுக்காரனின் ஊர்க் கணக்கு. அங்கே துருவ நட்சத்திரம் பாதி வானத்தில் நிற்கும். செஞ்சியின் அட்சரேகை பன்னிரண்டு; இங்கே அது பன்னிரண்டு பாகையில், வடக்கே கிருஷ்ணகிரி மலைக்குச் சற்று மேலே கிடக்கிறது. நைனா இத்தனை மாதமும் அண்ணாந்தே தேடியிருக்கிறார்.

டிராக்கரின் கோணத்தைப் பன்னிரண்டுக்கு இறக்கினாள். இரண்டு நிமிஷம் கழித்துத் திரையில் நட்சத்திரங்கள் புள்ளி புள்ளியாக நின்றன. நடுவே சாய்வாக, விபூதி தீற்றியதுபோல் ஆண்ட்ரோமீடா. அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

“அன்பு,” மதிலுக்கு அந்தப்பக்கம் விநாயகத்தின் குரல். “லைட்ட மாட்டிக்கட்டுமாம்மா? ஒம் பெரிம்மா படி தெரியாம தடுமாறுது.”

தப்பு நைனாவுடையது என்று சொல்ல வாயெடுத்தாள். அன்றைக்குத் தெரு சிரித்த சிரிப்பு காதில் கேட்டது.

“பதினாறு முடியட்டும் பெரிப்பா.”

பக்கத்து வீட்டு மாடிப்படியில் ஒரு செல்போன் வெளிச்சம் ஒவ்வொரு படியாகத் தடவிக்கொண்டு இறங்கியது. அது அணையும்வரை காத்திருந்து, அடுத்த படத்துக்கு அழுத்தினாள்.