லவெல் ஹாஸ்கெட் விற்காத டார்ட்

லவெல் ஹாஸ்கெட்டின் கேரேஜில் நிற்பது என்ன என்று ஒஹையோவின் அந்தத் தெருவில் தெரியாதவர் இல்லை. அறுபத்தொன்பதாம் வருடத்து டாட்ஜ் டார்ட் கார். பச்சை நிறம், கையால் கியர் மாற்றும் வண்டி. ஆள் சின்னது, உறுமல் மட்டும் லாரி மாதிரி. பத்தொன்பது வருடமாக அது கதகதப்பாக உள்ளே தூங்க, அவன் மனைவி நோரீனின் வேன் வெளியே பனியில் கிடந்தது. குளிர்காலத்தில் அவள் கண்ணாடியில் ஐஸ் சுரண்டும் சத்தம்தான் தெருவுக்கே அலாரம்.

இந்த அக்டோபரில் அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"முதல் பனி விழறப்போ என் வேன் உள்ள நிக்கணும். அதை வித்துடு."

லவெல் மறுக்கவில்லை. அந்த ஊரில் கார் விற்கும் எல்லோரையும் போல சனிக்கிழமைதோறும் வண்டியை வீட்டு முன் புல்தரையில் நிறுத்தி, கண்ணாடியில் அட்டை வைத்தான்: 'முப்பதாயிரம் டாலர். பேரம் பேசாதீர்கள். இதன் அருமை எனக்குத் தெரியும்.' விற்க ஆசைப்படுகிறவன் எழுதுகிற வாசகமா அது? முதலில் வந்தவர் காபிக் கோப்பையை வண்டிக் கூரைமேல் வைத்தார், அதற்கே லவெல் அவரை அனுப்பிவிட்டான். அடுத்தவர் பானட்டைத் திறக்கும் முன் டிக்கியைத் திறந்தார், அவரையும் அனுப்பியாயிற்று.

மூன்றாம் சனிக்கிழமை வாண்டா கோஸ்லாக் வந்தாள். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். வந்ததும் வராததுமாகப் புல்லில் மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்தாள். எஞ்சினில் பொறித்த எண் வண்டியின் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாள். இவள் விஷயம் தெரிந்தவள்.

"பிறந்தப்போ இருந்த அதே எஞ்சின்தான்," என்று எழுந்து ஸ்வெட்டரைத் தட்டினாள். "முப்பதாயிரம் சரி. எடுத்துக்கறேன்."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. ஹீட்டர் சரியா வேலை செய்யாது."

"எனக்கு எப்பவும் வேர்க்கும்."

"எலி நாத்தம் வரும்."

"முப்பது வருஷம் பசங்க வாந்தியை மோந்தவ நான். எலி எந்த மூலைக்கு?"

அப்போது அவளே வாயைக் கொடுத்துக் கெடுத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு. இடது முட்டி போச்சு, கிளட்ச் மிதிக்க முடியாது. ஆட்டோமேட்டிக் கியரா மாத்திடுவேன்."

லவெல் சாவி இருந்த பையைப் பொத்திக்கொண்டான். முகத்தில் லாட்டரி விழுந்த களை.

"மன்னிச்சுக்குங்க. அந்தப் பாவத்துக்கு நான் உடந்தையா இருக்க மாட்டேன்."

"அதை என் முட்டிகிட்ட வந்து சொல்லுங்க," என்று வாண்டா கிளம்பினாள்.

இனி நோரீனிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். அட்டையைக் கிழித்துவிட்டு, டார்ட்டைக் கிளப்பி கேரேஜ் பக்கம் திருப்பினான்.

உள்ளே வேன் நின்றது. சுற்றிலும் நோரீனின் கிறிஸ்துமஸ் அலங்காரப் பெட்டிகள், இனி அசைய மாட்டோம் என்பது போல. நோரீன் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், மடியில் கதவின் ரிமோட்.

"வித்துட்டியா?"

"அவ ஆட்டோமேட்டிக்கா மாத்தப் போறாளாம், நோரீன்."

"அடப்பாவமே," என்று அவள் நாற்காலியோடு உள்ளே நகர்ந்து பொத்தானை அழுத்தினாள். கதவு நிதானமாக இறங்கியது.

நவம்பரில் முதல் பனி விழுந்த மறுநாள், தெருவில் பாதிப் பேர் வேலைக்குத் தாமதம். சுரண்டும் சத்தமே இல்லை. கண்ணாடியில் கீறல் விழக்கூடாதென்று லவெல், வீட்டுக்குள்ளிருந்து ஒயர் இழுத்து, நோரீனின் ஹேர் டிரையரால் டார்ட்டின் ஐஸை ஊதி உருக்கிக்கொண்டிருந்தான்.