கெளுத்தி மீன் மேல மஞ்சத் துண்டு

1.

உண்மையச் சொல்லிடறேன். இந்தக் கதை ஒரு புள்ளியால வந்துச்சு. நிஜப் புள்ளி. மேப்புல நீல கலர்ல, 41-ன்னு நம்பர் போட்ட ஒரு புள்ளி.

போன ஜூன், ஒரு வியாழக்கிழமை மத்தியானம். அந்தப் புள்ளி தெற்கு டகோட்டாவுல மேற்குப் பக்கமா போய்க்கிட்டே இருந்துச்சு. அறுபத்தெட்டு மைல் போச்சு. நின்னுச்சு. அப்புறம் அப்படியே திரும்பி வந்த வழியே வர ஆரம்பிச்சுது. நான் ஒமஹாவுல என் ஆபீஸ் சீட்ல சாண்ட்விச்ச வாயில வச்சவன், கடிக்க மறந்துட்டேன்.

காட்டன்வுட் ராலின்னா ஒம்பது நாள், எட்டாயிரம் ஒம்பதாயிரம் மைல், பைக்ல. லிஸ்ட்ல இருக்கிற இடத்துக்கெல்லாம் போகணும், போட்டோ எடுக்கணும், பாயிண்ட் வாங்கணும். ஓட்டுறவங்க அறுபது பேரு. வண்டில இருக்கிற ஜி.பி.எஸ் மேப்புல காட்டுற அவங்க புள்ளிய, வீட்ல உக்காந்து பாக்குறவங்க ஆயிரக்கணக்குல. கிரிக்கெட் பாக்குற மாதிரின்னு நினைச்சுக்காதீங்க. கிரிக்கெட்ல பந்தாச்சும் கண்ணுக்குத் தெரியும்.

புள்ளி திரும்புனதும், இப்படிப் பாக்குறவங்க சேந்து வச்சிருக்கிற எங்க குரூப்ல ஆளாளுக்கு எழுத ஆரம்பிச்சாங்க. டயர் போச்சுன்னு ஒருத்தர். போன மறந்துட்டு வந்திருப்பாங்கன்னு ஒருத்தர். பல் செட்ட மோட்டல்ல விட்டுட்டாங்கன்னு எழுதினது நான். (மன்னிச்சுக்கங்க வெர்லீன்.) அப்பத்தான் தோணுச்சு, இந்த குரூப்ல எல்லாருமே கதை எழுதுறவங்கதான், ஒரு புள்ளிய வச்சுக்கிட்டு. நான் மட்டும் நிறுத்தல, அவ்வளவுதான் வித்தியாசம்.

2.

ஆரம்பம், முதல் முயற்சி: "மிசௌரி ஆத்து மேல வெயில் தங்கத்த உருக்கி ஊத்துன மாதிரி..."

வேணாம். மணி பதினொண்ணு. வெயில் வெயில் மாதிரிதான் இருந்துச்சு.

ரெண்டாவது: "வெர்லீன் அஞ்சாத நெஞ்சம் படைத்த..."

ஸ்கூல் ஆண்டு விழாவா இது? ஆனா வெர்லீன் யாருன்னு சொல்லித்தான் ஆகணும். வயசு அறுபத்தொண்ணு. முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டுனவங்க. இந்த ராலிக்கு இது மூணாவது தடவை. முதல் தடவை வண்டி நடு வழியில படுத்துடுச்சு. ரெண்டாவது தடவை பதினோரு நிமிஷம் லேட்டா வந்து சேந்தாங்க. பதினோரு நிமிஷம்னா முடிக்கலன்னுதான் அர்த்தம். மூணு தடவை முடிக்காதவங்கள அதுக்கப்புறம் எடுக்க மாட்டாங்க. அதனால இதுதான் கடைசி வாய்ப்பு. இது தெரிஞ்சா போதும், மத்ததெல்லாம் பந்தா.

மூணாவது ஆரம்பம் என்னோடது இல்ல. ரோண்டாவோடது. ரோண்டா வெர்லீனோட தங்கச்சி, ஆபீஸ்ல எனக்கு எதிர் சீட்டு. லீவு போட்டுட்டு, அக்கா வீட்டுக்காரர் கோர்டியோட பிக்கப் ட்ரக்ல ராலி பின்னாடியே சுத்துனாங்க. அவங்க சொன்ன மாதிரியே போடறேன்:

"அந்தத் துண்ட மீன் மேல பாத்தேன் பாரு, வண்டி நிக்கிறதுக்கு முன்னாடியே கதவத் தொறந்துட்டேன்."

இது ஆரம்பம். வாங்க.

3.

பெல்ட்டன்னு ஒரு ஊரு. ஆத்தங்கரையில சிமெண்ட்ல ஒரு கெளுத்தி மீன், பஸ் நீளத்துக்கு. மீசையே ஆள் உசரம். அதோட போட்டோ எடுத்தா நாலாயிரம் பாயிண்ட்.

ஆனா சும்மா எடுத்தா செல்லாது. ஒவ்வொருத்தருக்கும் நம்பர் போட்ட ஒரு மஞ்சத் துண்டு குடுத்திருப்பாங்க. எந்த போட்டோவா இருந்தாலும் அந்தத் துண்டு தெரியணும். நம்ம ஊர் பஸ்ல ஜன்னல் வழியா துண்டப் போட்டு சீட்டு புடிக்கிறோம்ல, கிட்டத்தட்ட அதே மரியாதை. துண்டு இருந்தா நீ வந்திருக்க. இல்லன்னா வரல.

அதனால ஓட்டுறவங்க எல்லாருக்கும் ஒரு மந்திரம் இருக்கும். வெர்லீனுக்கு "துண்டு, போட்டோ, நேரம், துண்டு." மாட்டு, எடு, எழுது, கழட்டு. ஹெல்மெட்டுக்குள்ள சத்தமா சொல்லிக்கிட்டே செய்வாங்க. எட்டு நாள், எழுபத்தி மூணு இடம், ஒரு தடவையும் தப்பல.

எழுபத்தி நாலாவது இடம் மீன். மாட்டுனாங்க. எடுத்தாங்க. எழுதுனாங்க. அப்ப மின்னசோட்டாவுலேர்ந்து வந்த ஒரு குடும்பம், "மேடம், எங்கள ஒரு போட்டோ எடுத்துத் தர முடியுமா?"ன்னு கேட்டுச்சு. எடுத்துக் குடுத்தாங்க. மண்டைக்குள்ள மந்திரம் முடிஞ்சு போச்சு. வண்டில ஏறிக் கிளம்பிட்டாங்க.

(இந்தக் குடும்பம் நான் கட்டிவிட்டது. வெர்லீன்கிட்டயே கேட்டேன். "குடும்பமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்கியிருப்பேன்"ன்னாங்க. ஆனாலும் குடும்பம் இருக்கட்டும். தூங்குற ஆள வச்சு எப்படி சீன் எழுதறது?)

சும்மா கைகாட்டலாம்னு வந்த கோர்டியும் ரோண்டாவும் பத்து நிமிஷம் கழிச்சுப் போய்ச் சேந்தாங்க. வெர்லீன் இல்ல. மீனோட முதுகுத் துடுப்புல ரெண்டு கிளிப் போட்டு மஞ்சத் துண்டு தொங்குது. 41.

"கோர்டி. அது அக்காவோடது."

"பாத்தேன்."

"எடு. எடுத்துக்கிட்டு வண்டிய விரட்டு."

"ரூல் பதினாலு."

"என்னய்யா ரூல்?"

"ஓட்டுறவங்களச் சேந்தவங்க பொருள் குடுக்கக்கூடாது, தகவல் சொல்லக்கூடாது, வேலை செய்யக்கூடாது. செஞ்சா அவ அவுட்."

"சரி, போன் பண்ணு."

"தகவல்."

"அப்ப என்னதான்யா பண்றது?"

"உக்காந்திருக்கலாம். உக்காரக்கூடாதுன்னு ரூல் இல்ல."

கோர்டியப் பத்தி இங்க சொல்லியாகணும். போன ராலில ஒரு அம்மா, ஓட்டிட்டு வந்த புருஷனுக்கு ஒரு வாழைப்பழம் குடுத்துச்சு. அதப் போய்ப் போட்டுக் குடுத்தது கோர்டி. அந்த ஆளு அவுட். அன்னையிலேர்ந்து குரூப்ல கோர்டிக்கு 'ரூல் புக்'னு பேரு. அப்பேர்ப்பட்ட மனுஷன் இப்ப பொண்டாட்டி துண்டுக்கு எதிர உக்காந்துக்கிட்டு போன்ல புள்ளியப் பாக்குறாரு. புள்ளி மேற்கால போகுது. ஜாலியா போகுது.

துண்டு இல்லாம இனிமே எங்க போட்டோ எடுத்தாலும் செல்லாது. முடிச்சவங்க லிஸ்ட்ல பேர் வர இன்னும் ரெண்டு இடமாச்சும் வேணும். மறுநாள் காலையில எட்டு மணிக்குள்ள மொன்டானாவுல பில்லிங்ஸ் போய்ச் சேரணும். இதெல்லாம் பிக்கப்ல இருந்த ரெண்டு பேருக்கும் தெரியும். புள்ளிக்குத் தெரியல.

4.

காத்து வந்துச்சு.

(இங்க காத்தப் பத்தி ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன். ரோண்டா படிச்சுட்டு, "காத்து அடிச்சுச்சு, அவ்ளோதான், எதுக்கு இத்தனை"ன்னாங்க. தூக்கிட்டேன்.)

ஒரு கிளிப் பறந்துச்சு. துண்டு ஒத்தக் கிளிப்ல படபடன்னு அடிச்சுக்குது. பின்னாடி ஆறு. அந்தக் கிளிப்பும் போச்சுன்னா துண்டு நேரா மிசௌரிக்குத்தான்.

கோர்டி போன கீழ வச்சாரு. சாவியத் திருப்புனாரு. வண்டி நடைபாதையில ஏறுச்சு, புல்லுல ஏறுச்சு, 'இங்கு வண்டி நிறுத்தாதீர்'ங்கிற போர்டத் தாண்டி, காத்து வர்ற பக்கமா மீன ஒட்டிப் போய் நின்னுச்சு. துண்டு அடங்கிடுச்சு.

"யோவ். இது உதவிதானே?"

"பார்க்கிங்."

"புல்லு மேலயா?"

"பார்க்கிங்னு சொல்றேன்ல."

"மூஞ்ச இப்படித் திருப்பிச் சொல்லுய்யா பாப்போம்."

திருப்பல.

5.

இந்த இடத்துல எனக்கு ஒரு கேரக்டர் மேல சந்தேகம்.

மீனுக்குப் பக்கத்துல தூண்டில், புழு விக்கிற கடை. கடைக்காரர் பேர் லாய்ட். ரோண்டா முதல்ல சொன்னப்ப இவர் கதையிலயே இல்ல. ரெண்டாவது தடவை வந்தாரு, தாடியோட. மூணாவது தடவை தாடி இல்ல. சரி, இவரத் தூக்கிடலாம்னு தூக்கிப் பாத்தேன். ரெண்டு பேர் பிக்கப்ல உக்காந்து ரெண்டு மணி நேரம் துண்ட முறைச்சுப் பாக்குறாங்கன்னு ஆயிடுச்சு. நானே கொட்டாவி விட்டேன். அதனால லாய்ட் உண்டு. தாடி உங்க இஷ்டம்.

"சார், புல்லு மேல வண்டி நிக்குது."

"ஆமா."

"எடுக்கணும்."

"முடியாது."

அறுபத்தி நாலு வயசுல கோர்டி முதல் தடவையா ஒருத்தர்கிட்ட முடியாதுன்னு சொல்றாரு. சொல்லிட்டு அவருக்கே காது செவந்துடுச்சு.

"இது பஞ்சாயத்து இடம் சார். ஏன் முடியாது?"

"காரணம் சொல்ல முடியாது."

லாய்ட் மீனப் பாத்தாரு. "இது எவன் வேலை? என் மீன் மேல துணி காயப் போட்டிருக்கான்." நேரா போய் கைய நீட்டுனாரு.

"தொடாதீங்க!" ரோண்டா கத்துன கத்துல ஆத்துல இருந்த வாத்தெல்லாம் பறந்துடுச்சு. (வாத்து என்னோடது.)

"இது உங்களுதா?"

ரோண்டா கோர்டியப் பாத்தாங்க. கோர்டி ரோண்டாவப் பாத்தாரு. எங்களுதுன்னு சொன்னா பொய். எங்க அக்காவோடது, திரும்பி வருவான்னு சொன்னா, இந்த ஆளு ராலிக்காரங்களுக்குப் போன் பண்ணித் தொலைப்பான், அக்கா அவுட்.

"எங்களுது இல்ல," ரோண்டா சொன்னாங்க. "ஆனா பாருங்க, எவ்ளோ அழகா இருக்கு. மீனுக்கு அந்த மஞ்சள் எடுப்பா இல்ல?"

லாய்ட் ரெண்டு அடி பின்னாடி போய் நின்னு பாத்தாரு. தலையச் சாய்ச்சுப் பாத்தாரு. "கொஞ்சம் எடுப்பாத்தான் இருக்கு"ன்னுட்டு கடைக்குள்ள போயிட்டாரு.

"அடிப்பாவி," கோர்டி சொன்னாரு.

"அதுவும் உதவின்னு சொல்லப் போறியா?"

"கலை விமர்சனம்னு வச்சுக்கோ."

6.

அறுபத்தெட்டாவது மைல்ல பெட்ரோல் பங்க். பெட்ரோல் ரசீத வைக்கறதுக்காக டேங்க் மேல இருக்கிற பையத் தொறந்தாங்க வெர்லீன். துண்டு வைக்கிற இடம் காலி. புள்ளி திரும்புச்சு. எங்க குரூப்ல நான் பல் செட்டுன்னு எழுதுன நிமிஷம் அதுதான்.

அவங்க வந்து நிக்கும்போது ரோண்டா ஆத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. கோர்டி பிக்கப் அடியில குனிஞ்சு எதையோ தேடற மாதிரி நடிக்கிறாரு. வெர்லீன் துண்டக் கழட்டி மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வச்சாங்க. அப்பத்தான் பிக்கப்பப் பாத்தாங்க. புல்லப் பாத்தாங்க. டயர் தடத்தப் பாத்தாங்க. பிக்கப்பத் தாண்டி ரெண்டடி வந்ததும் காத்து ஹெல்மெட்ட ஒரு தள்ளு தள்ளுச்சு.

"கோர்டி."

"ம்."

"ஏன் வண்டி இங்க நிக்குது?"

கோர்டி நிமிந்தாரு. வாயத் தொறந்தாரு.

"இரு இரு," வெர்லீன் கைய நீட்டுனாங்க. "சொல்லாத. எதுவும் சொல்லாத. நாளைக்கு என்னைக் கேப்பாங்க, நான் தெரியாதுன்னு சொல்லணும்."

"வெர்லீன், நான்..."

"வாய மூடுய்யா!"

ஏறிப் போயிட்டாங்க. போறப்ப ஹார்ன் ஒரு தடவை அடிச்சாங்களாம். அடிக்கலன்னு கோர்டி சொல்றாரு.

7.

முடிவுக்கு வந்துட்டோம். மூணு முடிவு எழுதி வச்சிருக்கேன், சும்மா சொல்லல.

வெர்லீன் ரெண்டு இடத்தையும் பிடிச்சாங்க. பில்லிங்ஸ் ஹோட்டல் வாசல்ல எட்டாக ஆறு நிமிஷம் இருக்கும்போது வண்டிய நிறுத்துனாங்க. அப்புறம் மதிப்பெண் மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் மிட்ச்னு ஒருத்தர். மூக்குக் கண்ணாடி, மூணு பேனா. ஒவ்வொரு போட்டோவா பாக்குறாரு, டிக் போடறாரு. எழுபத்தாறு போட்டோ. கயிறு கட்டி, அதுக்கு இந்தப் பக்கம் குடும்பத்து ஆளுங்க. முன் வரிசையில கோர்டி, பக்கத்துல ரோண்டா.

கடைசியில மிட்ச் எல்லாரையும் கேக்குற கேள்வியக் கேட்டாரு. "யாராவது உதவி பண்ணாங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல," வெர்லீன் சொன்னாங்க. அது உண்மை. பாடுபட்டுக் காப்பாத்துன உண்மை.

அப்ப கோர்டியோட வலது கை மேல போக ஆரம்பிச்சுது.

முடிவு அ: கை முழுசா மேல போகுது. கோர்டி பார்க்கிங் கதையச் சொல்றாரு. மிட்ச் பேனாவ மூடுறாரு. வெர்லீன் அவுட். ஊருக்குத் திரும்ப எண்ணூத்தம்பது மைல், பிக்கப்ல யாரும் யாரோடயும்... இத எழுதிட்டு ஒரு நாள் முழுக்க எனக்கு சோறு எறங்கல.

முடிவு ஆ: கை தொப்பி வரைக்கும் போகுது, தொப்பியச் சரி பண்ணுது, இறங்குது. வெர்லீன் முடிச்சவங்க லிஸ்ட்ல. ஆனா கோர்டி அன்னையிலேர்ந்து அந்தக் கையப் பாத்துக்கிட்டே இருக்காரு. இதுவும் புடிக்கல.

முடிவு இ: மிட்ச் சிரிச்சுட்டு, "பிக்கப்ப நிறுத்துறது எல்லாம் உதவியா கோர்டி?"ங்கிறாரு. எல்லாரும் கை தட்டுறாங்க. கேஸ் போன சோடா.

நிஜத்துல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும். ரோண்டா சொல்லிட்டாங்க. ரிசல்ட் நெட்ல இருக்கு, போய்ப் பாத்துக்கறேன்னு கிளம்பாதீங்க. ராலி பேரு, ஊரு, ஆளு, நம்பர் எல்லாத்தையும் மாத்திட்டேன். மீன் கூட கெளுத்தி இல்ல.

அதனால என் சீட்ட விட்டு எந்திரிக்கிறேன், நீங்க மிட்ச் சீட்ல போய் உக்காருங்க. பேனா உங்க கையில. எதிர ஒம்பது நாள் ஹெல்மெட்டுக்குள்ள கெடந்து முடி அமுங்கிப் போன ஒரு அம்மா, மேசையில ரெண்டு கையும் ஊணி நிக்கிறாங்க. திரும்பிப் பாக்கல. பாக்கவே கூடாதுன்னு நிக்கிறாங்க. அவங்க தோளுக்குப் பின்னாடி, கயித்துக்கு அந்தப் பக்கம், ஒரு கை பாதி உசரத்துல இருக்கு. ஓரக் கண்ணுல உங்களுக்கு லேசாத் தெரியுது.

தலைய நிமித்திப் பாக்கப் போறீங்களா, இல்ல குனிஞ்சபடியே கையெழுத்துப் போடப் போறீங்களா?