அஸ்லாக் கார் ஸ்டீரியோவைக் கழற்றிய கதைக்கு ஒரு முடிவு தேவை

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வாங்கிய புது மின்சாரக் காரில் இண்டிகேட்டர் போட்டால் 'டிக், டிக்' என்று கேட்கும். அது இண்டிகேட்டரின் சத்தமே இல்லையாம். ஸ்டீரியோ உள்ளே உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கர் வழியாகப் போடும் ஒலிப்பதிவாம். இத்தனை விலை கொடுத்து ஒரு மிமிக்ரி கலைஞரை வாங்கியிருக்கிறேன்! நார்வேயின் மேற்குக் கரையில், நான் பல காலமாகக் குப்பை கொட்டும் இந்தச் சிற்றூரில், யாரையாவது கொண்டு அந்த ஸ்டீரியோவைப் பிடுங்கி எறிய வைக்க வேண்டும் என்று தோன்றியது. என் காரிலிருந்து அல்ல, உத்தரவாதம் போய்விடும். கதையில்தான்.

முதல் தொடக்கம்: "கடற்கழியின் மேல் மூடுபனி மெல்ல—"

வேண்டாம். இங்கே மூடுபனியைக் கவனிப்பவர்கள் சுற்றுலாப் பயணிகள் மட்டுமே.

இரண்டாம் தொடக்கம்: "அஸ்லாக் ஒவ்வொரு புதன்கிழமையும் மனைவியிடம் பொய் சொன்னான்."

இது பரவாயில்லை. இருக்கட்டும்.

2

அஸ்லாக்குக்கு மீன் பண்ணையில் வேலை. அவன் மனைவி யூருன் புதன்கிழமை மாலைகளில் உள்ளூர் வானொலியில் பிங்கோ எண்களை வாசிப்பவள். கடையில் பிங்கோ புத்தகம் வாங்கி வைத்துக்கொண்டு, அவள் சொல்லும் எண்களை அடிக்க ஊரே பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கும். எண்களுக்கு நடுவே யூருன் ஏதாவது பேசுவாள். அந்தப் பேச்சுக்காகவே கேட்பவர்கள் உண்டு. வேலை முடிந்து காரில் வரும்போது தானும் கேட்பதாக அஸ்லாக் சொல்லியிருந்தான்.

சிக்கல் என்னவென்றால், நாட்டின் பெரிய வானொலிகள் எல்லாம் டிஜிட்டலுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. உள்ளூர் நிலையம் மட்டும் பழைய எஃப்.எம்.மிலேயே கிடக்கிறது. அஸ்லாக்கின் புதுக் காரில் எஃப்.எம். கிடையாது. நாற்காலி சூடாகும், கார் தானாகப் பிரேக் போடும், ஓட்டுபவருக்குத் தூக்கம் வந்தால் காப்பி குடிக்கச் சொல்லும். பெண்டாட்டியின் குரல் மட்டும் வராது.

"இன்னிக்கு எப்படி இருந்துச்சு?" என்பாள் யூருன்.

"அருமை," என்பான் அஸ்லாக்.

போன புதன் வரை வண்டி இப்படியே ஓடியது.

"இன்னிக்கு?"

"அருமை."

"பிங்கோவ விட்டுடலாமான்னு யோசிக்கிறேன்னு சொன்னேன். அது அருமையா?"

"அதில்ல யூருன்... நீ சொன்ன விதம் இருக்கே..."

"அடுத்த புதன் முடிவச் சொல்லுவேன். நீ கேளு, போதும்."

[முதல் வரைவில் யூருனை நச்சரிப்புக்காரியாக எழுதியிருந்தேன். வேடிக்கையாக இருக்கும் என்று நினைப்பு. திரும்பப் படித்தால், இத்தனை காலத்தில் அவள் கேட்டது 'எப்படி இருந்துச்சு' என்ற ஒரே கேள்விதான். அந்த வரைவைக் கிழித்துப் போட்டேன்.]

[புத்திசாலி வாசகர் ஒருவர் இங்கே கையைத் தூக்குகிறார். ஒரு பழைய ரேடியோவை இரவல் வாங்கிக் கேட்டால் ஆகாதா? ஆகும். ஆனால் இந்த ஊரில் அஸ்லாக் எஃப்.எம். ரேடியோ தேடுகிறான் என்று ஒருவருக்குத் தெரிந்தால் யூருனுக்குத் தெரிந்த மாதிரி. தவிர, இணையத்தில் கருவி வாங்க வாய்ப்பிருக்கும்போது எந்த ஆண்மகன் இரவல் கேட்பான்? கதையில் ஓட்டை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கையை இறக்குங்கள்.]

3

யூருனின் அண்ணன் எய்னார்தான் ஊரின் ஒரே கார் பட்டறைக்காரர். அஸ்லாக் அவருக்குப் போன் செய்தான்.

"மச்சான், ஒரு நண்பனுக்காகக் கேக்குறேன். புதுக் கார்ல ஸ்டீரியோவக் கழட்டி வேற மாட்டலாமா?"

"அது ஸ்டீரியோன்னு யாரு சொன்னா? அதுதான் காரு. மத்ததெல்லாம் அதுக்கு மாட்டின சக்கரம்."

"அவனே மாட்டிக்குவானாம்."

"உன் நண்பன் மீன் பண்ணையில வேலை பாக்குறவனா?"

அஸ்லாக் போனை வைத்துவிட்டான்.

புதனன்று விடுப்பு எடுத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபடி காரைப் படகுக் கொட்டகைக்குள் விட்டான். இணையக் காணொளியில் வந்த இளைஞன் சிரித்துக்கொண்டே, கண்மூடித் திறப்பதற்குள் முடிக்கலாம் என்றான். திரையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை நெம்ப அதற்கென்று ஒரு கருவி வேண்டுமாம். அஸ்லாக் இந்த நாட்டில் எல்லா வீட்டிலும் இருப்பதை எடுத்து வந்தான்: பாலாடைக்கட்டி சீவும் கரண்டி. காலையில் அதைப் பயன்படுத்தியவன் கழுவவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக்கின் விளிம்பில் பழுப்புப் பாலாடைக்கட்டி ஒட்டிக்கொண்டது.

பழைய ஸ்டீரியோ வெளியே வந்ததும் கடிகாரம் அணைந்தது. பின்புறக் கேமரா போயிற்று. ஹீட்டர் நின்றது. கார் செத்தது. அஸ்லாக் அசரவில்லை. இணையத்தில் வாங்கி வைத்திருந்த எஃப்.எம். பெட்டிக்குப் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் இழுத்து, ஆன்டெனா கம்பியைப் படகின் கொடிமரத்தில் கட்டினான். நகராத காரிலிருந்து பாட்டு வந்தது. அவன் கண்ணில் உண்மையாகவே தண்ணீர் வந்தது.

அவனுக்குத் தெரியாத ஒன்று உண்டு. இந்தக் கார்களின் வயிற்றில் ஒரு ரகசியப் போன் இருக்கிறது. யாராவது ஸ்டீரியோவில் கைவைத்தால் அது உரிமையாளருக்குச் செய்தி அனுப்பிவிடும். கார் யூருன் பெயரில் இருந்தது.

4

பாட்டு முடிந்தது. யூருன் வந்தாள். அஸ்லாக் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சரி, போன வாரம் ஒரு விஷயம் சொன்னேன்ல, அதுக்கு இப்ப..." காகிதம் சரசரத்தது. எங்கோ ஒரு போன் அதிர்ந்தது. "மன்னிச்சுக்குங்க. போன்ல என்னமோ வந்திருக்கு. எங்க காரை யாரோ உடைக்கிறாங்களாம். ஐயோ, அஸ்லாக் அதுலதான் இருப்பான்! புதன்கிழமை அவன் கார்லதான் கேப்பான், தவற விடமாட்டான். யாராவது எங்க காரப் பாத்தீங்களா? வெள்ளைக் கார். தயவுசெஞ்சு போய்ப் பாருங்க."

அவள் குரல் நடுங்கியது. தனக்காக அவள் பயந்து அஸ்லாக் கேட்டதே இல்லை. இத்தனை புதன்கிழமைகள் இந்தக் குரல் இங்கேதான் இருந்திருக்கிறது.

அவள் அலைபேசிக்கு அடித்தான். ஊரே அடித்துக்கொண்டிருந்தது, கிடைக்கவில்லை. மிச்சம் இருந்தது, பிங்கோ ஜெயித்தவர்கள் நிலையத்தைக் கூப்பிடும் தொலைபேசி எண் ஒன்றுதான். அதில் கூப்பிட்டால் நேரடி ஒலிபரப்பு. அடித்தான்.

"யூருன்..." என்றான். அவன் குரல் ஸ்பீக்கரில் வந்து, போனுக்குள் புகுந்து, மறுபடி ஸ்பீக்கரில் வந்து ஊளையிட்டது.

"யாரா இருந்தாலும் மொதல்ல ரேடியோவ அணைங்க!" என்றாள் யூருன். பிறகு மெதுவாக, "அஸ்லாக்? நீயா? நிஜமாவே கேட்டுட்டுதான் இருக்கியா?"

5

முடிவு (அ): "ஆமா, நான்தான். கார்க் கம்ப்யூட்டர் உளறுது," என்கிறான். அவன் கேட்டுக்கொண்டிருந்தான் என்பதற்கு அந்த ஊளையே சாட்சி. இதைவிடச் சுத்தமான பொய் ஒரு மனிதனுக்கு அமையாது. பழியைக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளும், அதற்காகத்தானே வாங்கினோம்.

முடிவு (ஆ): "யூருன், நான் இன்னிக்குத்தான்—" 

எழுதிப் பார்த்தேன். அவள் முகம் தெரிகிறது, என்ன சொல்வாள் என்று தெரியவில்லை.

முடிவு (இ): எய்னார் கொட்டகைக் கதவைத் திறந்து, கரண்டியைப் பார்த்து— இல்லை. அஸ்லாக்கைக் காப்பாற்ற ஆள் அனுப்ப மாட்டேன்.

அஸ்லாக் ரேடியோவை அணைத்தான். ஊளை நின்றது.

"சொல்லு," என்றாள் யூருன். "எல்லாப் புதன்கிழமையும் கேட்டியா?"

எனக்குப் பதில் சொல்லத் துணிவில்லை. போனை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். சீக்கிரம். ஊரே பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறது.