தரையில் விழக் கூடாத பென்னி

ஆல்வின் டிரெம்பாத்தைப் போல ஓர் அழுத்தக்காரனைக் காடினா ஊரிலேயே பார்க்க முடியாது. அவனும் என்னைப் போல நாணயம் சேர்ப்பவன்தான். எங்கள் சங்கம் வருடத்துக்கொரு முறை, புல்வெளிப் பந்தாட்ட கிளப்பின் பின்னறையில் வினாடி வினா நடத்தும். ஜெயிப்பவருக்கு ஒரு நாணயம் பரிசு.

இந்த வருடப் பரிசைப் பார்த்ததும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. பிஜித் தீவின் பென்னி, நடுவில் துளை போட்டது. போர்க்காலத்தில் சான் பிரான்சிஸ்கோவில் பித்தளையில் அடித்தார்கள். யார் கையிலும் புழங்காமல், அடித்த அன்றைய மினுக்கோடு பிளாஸ்டிக் சிமிழுக்குள் இருந்தது. என் நாணயப் பெட்டியின் பிஜி வரிசையில் அந்த ஒரு குழிதான் காலி. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அது என்னை முறைக்கும். ஆல்வினுக்கும் அது வேண்டுமாம். அவனிடம் ஒரு பிஜிக் காசுகூடக் கிடையாது. எனக்கு வேண்டும் என்பதால் அவனுக்கும் வேண்டும், வேறென்ன!

கேள்வி கேட்டவள் ஹெட்டி. கிளப்பின் சமையலறை அவள் பொறுப்பு. நாணயப் பைத்தியம் பிடிக்காத ஒரே ஆள் என்பதால் அவளை நடுவராக்கியிருந்தோம்.

"ஒண்ணு, ரெண்டுன்னு நம்ம எண் எதுவுமே இல்லாத ஜப்பான் காசு எது?"

"அஞ்சு யென்!" என்று கத்தினேன்.

"நம்ம அம்பது சென்ட்டுக்கு ஏன் பன்னிரண்டு பக்கம் வச்சாங்க?"

"இருபது சென்ட்டோட குழம்பக் கூடாதுன்னு," என்றான் ஆல்வின். "வெர்னா, கொஞ்சம் மெதுவாக் கத்து. காது போகுது."

"போகட்டும். இருந்து என்ன கேட்டுக் கிழிச்சே?"

கடைசியில் இருவரும் சமம். கேள்விகளும் தீர்ந்துவிட்டன.

"பூவா தலையா போட்டுடலாம். யாராவது ஒரு காசு குடுங்க," என்றாள் ஹெட்டி.

மேசைகள் நிறைய நாணயங்கள், ஒவ்வொன்றும் சிமிழுக்குள். அதைச் சுண்டிவிட்டு, தரையில் விழுந்து விளிம்பு நசுங்கினால்? ஒருத்தரும் அசையவில்லை. சட்டைப்பையில் சாதாரணக் காசும் இல்லை. தேநீருக்குக்கூட எல்லோரும் கார்டைத்தான் தட்டியிருந்தோம்.

"நாணயச் சங்கமாம், சுண்டறதுக்கு ஒரு காசு இல்லியாம்! உள்ள கறி வச்ச பேஸ்டி ஆறிப் போகுது," என்ற ஹெட்டி, பரிசுச் சிமிழை டப்பென்று திறந்து பென்னியை எடுத்தாள். "இதையே போடறேன். எது தலை?"

அதில் ராஜா முகமே கிடையாது. உடனே அறை இரண்டாகப் பிரிந்து சண்டை.

"கிரீடம் இருக்கிற பக்கம்தான் தலை," என்றான் ஆல்வின், பதறாமல்.

ஹெட்டி கட்டை விரலை அடியில் கொடுத்தாள். நான் நாற்காலியை விட்டு எழுந்து கத்தினேன்.

"வேண்டாம்! போடாதே! அந்தப் படுபாவியே வச்சுக்கட்டும்!"

விட்டுக்கொடுத்தவர் தோற்றவர் என்று ஹெட்டி தீர்ப்புச் சொன்னாள். நான் பேஸ்டிகூடத் தின்னாமல் வீட்டுக்குப் போனேன். அழுகையும் வந்தது, சொல்வதற்கென்ன.

மறுநாள் காலை சூப்பர் மார்க்கெட் வாசலில் ஆல்வினைப் பார்த்தேன். சாவிக்கொத்துப் பையிலிருந்து ஒரு டாலர் காசை எடுத்து டிராலியின் பூட்டில் சொருகிக்கொண்டிருந்தான். காசு போட்டால்தான் அந்தத் தள்ளுவண்டி கழன்று வரும்.

"அடப்பாவி! நேத்து இது உன்கிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சு." கொஞ்சம்கூட வெட்கமில்லை. "நீ அதைச் சுண்ட விடமாட்டேன்னு தெரியும். விட்டிருந்தா நானே கத்தியிருப்பேன்."

"எடு அதை. இப்ப, இங்கயே போடு. எனக்குக் கங்காருப் பக்கம்."

என் முகத்தைப் பார்த்தவன் மறுபேச்சுப் பேசாமல் சுண்டினான். காசு தார்த் தரையில் பட்டு, உருண்டு, டிராலிகளுக்கு அடியில் போய் விழுந்தது. இருவரும் மண்டியிட்டோம். என் கைதான் முதலில் எட்டியது. விளிம்பைப் பிடித்து எடுத்து, வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினேன்.

"என்ன வருஷம்?" என்றான் ஆவலாக.

"எண்பத்து நாலு. டாலர் காசு வந்த முதல் வருஷம்."

"விளிம்பைக் காட்டு. அட, பரவால்லியே!"

அப்புறம்தான் இருவருக்கும் உறைத்தது.

"வெர்னா, எந்தப் பக்கம் விழுந்திருந்துச்சு?"

நான் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை. அவன் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தான். எனக்கும் அடக்க முடியவில்லை.

கோடைக்கு அவனிடம், குளிருக்கு என்னிடம் என்று முடிவானது. பென்னி அவனிடம் இருக்கும் மாதங்களில் அந்தக் காலிக் குழியில் டிராலி டாலரை வைத்திருக்கிறேன். சற்றுச் சிறியது, லொடலொடவென்று ஆடுகிறது. ஆல்வின் அதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். கூடையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகட்டும், கொடுக்கமாட்டேன்.