ஏழு தாள் பூநாரை

1

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கதை எழுத நான் உட்காரவில்லை. ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அது கையை மீறிப் போய்விட்டது.

எங்கள் தீவின் தெற்குக் கரையில் இருக்கும் லே காய் ஊர் நூலகத்துக்குப் புதுச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அதில் மாட்டப் பிள்ளைகள் வரைந்த பறவைப் படங்கள் வேண்டும். ஆளுக்கு ஒரு தாள், ஒரு பறவை. கூடவே ஊர்க்காரர் யாராவது ஒரு பக்கக் குறிப்பு எழுத வேண்டும். நூலகக் குழு போட்ட விதி இவ்வளவுதான். நான் வானொலிக்கு மரண அறிவிப்பு எழுதிப் பிழைப்பவன். நாலு வரியில் ஒரு மனிதனை அடக்கிவிடுவேன் என்று என்னைப் பிடித்தார்கள்.

எழுதிய முதல் தொடக்கம் இது:

"இருநூறு ஆண்டுகளுக்கும் முன் நம் மண்ணில் பிறந்து, உலகமே வியக்கும் பறவை ஓவியராக உயர்ந்த மாமேதையின் வழியில், நம் செல்வங்கள்—"

வேண்டாம். செத்தவர்களைப் புகழ்ந்து புகழ்ந்து என் கை கெட்டுவிட்டது.

(அந்த மாமேதையின் அப்பாவுக்கு இங்கே கரும்புத் தோட்டம் இருந்தது, அடிமைகள் இருந்தார்கள். அந்தக் கரும்பை வெட்டியவர்களின் வழிவந்தவர்கள் நாங்கள். பையன் சின்ன வயதிலேயே கப்பலேறிவிட்டான். அவனை நம்ம ஊர்க்காரன் என்று சொல்லும்போது எனக்கு நாக்கு கொஞ்சம் இழுக்கும். ஆனாலும் படங்கள் அழகு, என்ன செய்ய?)

2

இரண்டாவது தொடக்கம். கெர்தாவிலிருந்து போகலாம்.

கெர்தாவுக்கு இருபத்தாறு வயது. ஆளேற்றிப் போகும் டாப்டாப் வண்டிகளுக்கும் லாட்டரிக் கடைகளுக்கும் வண்ணம் தீட்டுகிறவள். அவளுக்குத் தெரிந்தது ஒரே பறவை, பச்சைக் கிளி. ஊரிலுள்ள எல்லா லாட்டரிக் கடையிலும் அதே கிளிதான் உட்கார்ந்திருக்கும். பறவை வரையச் சொல்லிக்கொடுக்க வேறு ஆள் சிக்கவில்லை.

ஏழு பிள்ளைகள். ஆளுக்கு இரண்டு தாள் கொடுத்தார்கள்: பழகிப் பார்க்க ஒன்று, சுவருக்கு ஒன்று. ஒரு தாளில் ஒரு புறாவும் பாதிப் புறாவும் கொள்ளும். கெர்தா நூலகத்திலிருந்து பெரிய படப் புத்தகத்தைத் தூக்கி வந்து நடுவில் விரித்தாள்.

"இந்த ஆளு எல்லாத்தையும் நிஜ அளவுலதான் வரைஞ்சாராம். கழுகுன்னா கழுகு அளவு, சிட்டுன்னா சிட்டு அளவு."

"அதுக எப்பிடி மிஸ் அசையாம நின்னுச்சு?"

கெர்தா பொய் சொல்லத் தெரியாதவள். "சுட்டுட்டு, கம்பியால பலகையில கட்டி நிக்க வெச்சாராம்."

"அப்ப என் உண்டிவில்லை மட்டும் ஏன் மிஸ் பிடுங்கி வெச்சீங்க?" என்று கேட்டான் ஜெப்தே. மீனவர் வீட்டுப் பையன்; வகுப்பிலேயே பெரிய வாய் அவனுக்குத்தான்.

கெர்தா புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நாம அவர்கிட்ட பாதிதான் கத்துக்கறோம். நிஜ அளவை எடுத்துக்கோங்க, துப்பாக்கியை விட்டுடுங்க. உங்க கண்ணால பார்த்த பறவை, உயிரோட பார்த்த பறவை, அதை வரைங்க. கிளி மட்டும் வேண்டாம். கிளியைப் பார்த்தாலே எனக்குக் கடுப்பா வருது."

3

இப்போது நெல்தா வர வேண்டும். வரவழைக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

நெல்தா எழுந்தாள். பதினோரு வயது. அம்மா அதெலின் பேருந்து நிலையத்தில் வாழைக்காய் பொரித்து விற்கிறாள். "நான் பூநாரையைப் பார்த்தேன் மிஸ். நம்ம ஏரியில. என் நெத்தி உசரம்."

"சிலியிலேர்ந்து போன் பண்ணிச் சொல்லுச்சா?" என்றான் ஜெப்தே. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

விஷயம் இதுதான். நெல்தாவின் அப்பா சிலி நாட்டுக்கு வேலைக்குப் போய் நான்கு வருடம். ஒரு சேதியும் இல்லை. போன வருடம் நெல்தா, அப்பா போன் பண்ணினார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டாள். பண்ணவில்லை. அன்றிலிருந்து அவள் பெயர் 'சிலி'. மழை பெய்கிறது என்று அவள் சொன்னால்கூட ஜன்னலை எட்டிப் பார்ப்பார்கள். அம்மாவும்தான். இந்த ஒரு பறவையையாவது ஊர் நம்பிவிட வேண்டும் என்று அவளுக்கு உயிர் துடித்தது.

"மீன் வலை கட்டுற கம்பத்துப் பக்கத்துல நின்னுச்சு மிஸ். அது பறந்தப்புறம் நான் போய் அதே கம்பத்துல சாய்ஞ்சு அளந்தேன்."

கெர்தா புத்தகத்தைப் புரட்டினாள். அதிலும் பூநாரை இருந்தது, கழுத்தை வளைத்துத் தரையைப் பார்த்தபடி. "பாரு, அவருக்கே தாள் பத்தல. கழுத்தை வளைச்சுட்டாரு. நீயும் சுருட்டி மடக்கி ஒரு தாளுக்குள்ள கொண்டா."

"அவரு வளைச்சாலும் நம்புவாங்க மிஸ். நான் வளைச்சா வாத்துன்னு சொல்லிடுவாங்க."

4

"அன்று விடியற்காலை, ஏரியின் மேல் பனி—"

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. நான் அங்கே இல்லை. ஏரிக்குப் போய் மீனவர்களைக் கேட்டேன். "பூநாரையா? அது வந்து வருஷக்கணக்காச்சு அண்ணே" என்றார்கள்.

என் தயக்கம் இதுதான். அவள் பார்க்கவே இல்லை என்று வைத்தால் எனக்கு வசதி: ஏங்கும் சிறுமி, இல்லாத அப்பா, இல்லாத பறவை. மூன்றையும் கோத்து வாசகரை அழவைத்துவிடலாம். எழுதியும் விட்டேன். படித்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. ஊரே அவளுக்குச் செய்ததைத்தான் நானும் செய்திருந்தேன், அழகான நடையில். கிழித்துப் போட்டேன்.

(பொய் சொல்லி வயிறு வளர்ப்பவன் நான். 'அமைதியாக உயிர் நீத்தார்' என்று எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன்!)

5

நெல்தா செய்தது இது. வீட்டிலிருந்து பொரித்த வாழைக்காயைப் பொட்டலம் கட்டி வந்தாள். ஒரு பொட்டலத்துக்கு ஈடாக ஒரு பழகிய தாள். ஐந்து பேர் கொடுத்தார்கள், அவளுடையதோடு ஆறு. வெறுமையான பின்பக்கங்கள் மேலே இருக்கும்படி மரவள்ளிப் பசையால் ஒட்டி, அதில் வரைந்தாள். கால் இரண்டு தாள், உடம்பு இரண்டு, வால் ஒன்று, கழுத்து ஒன்று. திருப்பிப் பார்த்தால் அந்தப் பூநாரையின் முதுகில் ஐந்து பிள்ளைகளின் கோணல் புறாக்களும் கோழிகளும் இருந்தன.

தலைக்குத் தாள் இல்லை. ஜெப்தே வாழைக்காயைத் தின்றுவிட்டுத் தாளைத் தரவில்லை. சுவருக்கென்று வைத்திருந்த நல்ல தாள் மட்டும் பாக்கி. அதில் வளைந்த பூநாரையை வரையலாம், சுவரில் மாட்டுவார்கள். அல்லது தலையை வரையலாம், சுவருக்குக் கொடுக்கத் தாள் இருக்காது.

இங்கே உங்களுக்கு இரண்டு முடிவு தரலாம். வளைக்கிறாள், படம் சுவருக்குப் போகிறது, எல்லாரும் "நல்ல வாத்து" என்கிறார்கள். அல்லது வளைக்காமல் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். அடுப்பங்கரைச் சுவரில் அது கரியேறுகிறது. இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை காலை நானும் வகுப்பில் இருந்தேன். நூலகக் குழுத் தலைவர் பெலிசேர் வருவதற்கு அரை மணி முன்னால், ஜெப்தே வந்து நின்றான். தரையில் கிடந்த தலையில்லாத பறவையைச் சுற்றி ஒரு நடை நடந்தான். நிஜப் பறவைக்குப் போலவே பின்பக்கம் மடங்கியிருந்த கால் முட்டியையே பார்த்தான்.

"கண்ணு என்ன நிறம்?"

"மஞ்சள்" என்றாள் நெல்தா. "உடம்பு மாதிரியே சிவப்பா இருக்கும்னு நெனச்சேன். மஞ்சளா இருந்துச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

ஜெப்தே யோசித்தான். பொய் சொல்கிறவள் சிவப்பு என்றுதான் சொல்லியிருப்பாள். சட்டைக்குள்ளிருந்து தாளை எடுத்து நீட்டினான்.

"இந்தா, நெல்தா."

சிலி என்று சொல்லவில்லை. அவள் தாளை வாங்கி, நல்ல தாளை ஓரமாக வைத்துவிட்டு, தலையை வரைய உட்கார்ந்தாள்.

6

பெலிசேர் வந்தார். தூணில் சாய்த்து வைத்த பூநாரையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பசை இன்னும் காயவில்லை. நெல்தா பக்கத்தில் நின்றாள்; பறவை அவள் நெற்றி உயரம்தான்.

"விதி ஒரு தாளும்மா. இது ஏழு."

"ஒட்டுறதுக்கு முன்னாடி ஏழு, மொசியே" என்றாள் கெர்தா. "இப்ப ஒண்ணு. வேணும்னா பிரிச்சுப் பாருங்க."

"விளையாடாதே பெண்ணே. தலைவர்ங்கறதுக்காக நான் தனியா முடிவு பண்ண முடியாது. குழுவுல வெக்கறேன். அந்த ஒரு பக்கக் குறிப்பு எங்கே? அதையும் படிச்சுட்டுத்தான் சொல்வாங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நெல்தாவும்.

நான் வீட்டுக்கு வந்து இதை எழுதினேன். ஒரு பக்கத்தில் அடக்கப் பார்த்தேன். எங்கே வளைத்தாலும் நெல்தா பொய்க்காரி ஆனாள். அதனால் வளைக்கவில்லை. தாள்களை மரவள்ளிப் பசை வைத்து ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிவிட்டேன். இது ஒரே பக்கம்தான், கொஞ்சம் நீளம்.

குழுவில் இருப்பவர்களே, நீங்கள் யாராக இருந்தாலும், இதை ஒரு பக்கம் என்று எடுத்துக்கொண்டு இதுவரை படித்துவிட்டீர்கள். அப்படியானால் அந்தப் பூநாரையும் ஒரு தாள்தான். ஆணியை நெல்தாவின் நெற்றி உயரத்தில் அடியுங்கள்; கால் தரையைத் தொட வேண்டும்.

கண் மஞ்சள்.