எழுபத்திரண்டு முழம்

ஓவேலி மலைச்சரிவில் வனக் காப்பகத்தின் எல்லைக்கல் ஒன்று பிப்ரவரி நான்காம் தேதி முதல் நாளுக்கு ஒரு முழம் ஊரை நோக்கி நடந்து வந்தது. அதே வாரம் பச்சைத்தேயிலை விலையும் இறங்கியதால், ஊர் முதலில் விலையைப் பற்றித்தான் பேசியது. கல்லுக்கு நேர் எதிரே இருந்தது வீரம்மாவின் வீடு. ஊர் வனக்குழுத் தலைவர் பொன்ராஜ் நைலான் கயிறு பிடித்து அளந்து, கல் கிளம்பிய குழியிலிருந்து அவள் வாசற்படிவரை எழுபத்திரண்டு முழம் என்றார்.

தப்பு ஊர்க்காரர்களுடையதுதான். வருடா வருடம் தை மாதம் எல்லையோரம் புதர் வெட்டி, சருகு கூட்டி, காட்டுத்தீ தாண்டாதபடி தீக்கோடு போடுவது குழுவின் வேலை. அதற்கு ஈடாகப் பெண்கள் திங்கட்கிழமைகளில் காய்ந்த விறகு எடுத்துக்கொள்ளலாம். இந்த முறை, தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகளின் வாசல் கூட்டிப் பழகிய கைகள் ஆயிற்றே, கோட்டோடு நிற்காமல் வீரம்மாவின் வாசல்வரை சுத்தமாகக் கூட்டிவிட்டார்கள். பாதை போட்டுக் கொடுத்தால் கல்லும் நடக்கத்தான் செய்யும்.

ஏப்ரல் பதினாறில் வன இலாகா சர்வே. கல் அன்று நிற்கும் இடம்வரை காடு. காட்டுக்குள் விழும் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். வனவர் கமலேஷ் நல்ல மனிதர்தான். "எனக்கும் சங்கடமாத்தானுங்க இருக்குது. ஆனா கல்லு நிக்கற எடத்தத்தான் நான் எழுத முடியும்" என்றார். ஆண்கள் கடப்பாரை போட்டு நெம்பினார்கள்; கடப்பாரைதான் வளைந்தது. சில்வர் ஓக் மரத்தோடு சேர்த்துச் சங்கிலியால் கட்டினார்கள். மறுநாள் மரமும் ஒரு முழம் வந்திருந்தது.

வீரம்மா ஏழு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு கப்பல் ஏறி வந்தவள். மார்ச் கடைசியில் அந்தப் பெட்டியை இறக்கித் துடைத்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது, பயத்தைவிட எரிச்சலாக இருந்தது. பெட்டியைத் திரும்ப மேலே ஏற்றிவிட்டு வெளியே வந்து கல்லிடமே சொன்னாள்: "ஒரு வாட்டி கெளம்பியாச்சு. இனி கெளம்ப மாட்டேன்."

பதினாறாம் தேதி காலை கல் அவள் வாசற்படியில் முட்டிக்கொண்டு நின்றது. சர்வேயர் கருவியை நிறுத்திக் குனிந்தார். வீரம்மா பழைய துண்டைச் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்து, கல்லருகே மண்டியிட்டாள். விறகுக்கட்டைத் தனியாகத் தலைக்கு ஏற்ற யாராலும் முடியாது. பக்கத்தில் நிற்பவர் தூக்கிவிட வேண்டும், பகையாளியே ஆனாலும் மறுக்கக் கூடாது என்பது அந்தச் சரிவில் வழக்கம். பொன்ராஜ் ஒரு பக்கம் பிடித்தார்.

"ஐயா, ஒரு கை குடுங்க" என்றாள் வீரம்மா கமலேஷிடம்.

கமலேஷ் சர்வேயரைப் பார்த்தார். சர்வேயர் கருவியைப் பார்த்தார். கமலேஷ் தொப்பியைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு மறுபக்கம் பிடித்தார்.

கடப்பாரைக்கு அசையாத கல், விறகுக்கட்டின் கனத்தோடு எழுந்தது. வீரம்மா எழுபத்திரண்டு முழமும் நடந்துபோய்ப் பழைய குழியில் அதை இறக்கினாள். சர்வேயர் அங்கே அளந்து எழுதிக்கொண்டார்.

மறுநாள் கல் ஒரு முழம் வந்திருந்தது. அதிலிருந்து திங்கட்கிழமை விறகுக்குப் போகும்போது பெண்கள் முறைவைத்து அதைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். வாரம் ஏழு முழம். தூக்கிவிட ஊர்க்கை ஒன்றும் இலாகாக்கை ஒன்றும் வேண்டும். வனவர் லீவில் போன ஒரு வாரம் ஆறு பேர் முயன்றும் முடியவில்லை, அவர் வரும்வரை காத்திருந்தார்கள்.

இரண்டு வருடம் கழித்துக் கமலேஷுக்கு மாற்றல் வந்தது. புது வனவர் பியாட்ரிஸிடம் ஜீப் சாவி, வரைபடம், தீயணைக்கும் சாமான்கள் எல்லாம் ஒப்படைத்துவிட்டு, கடைசியாகக் கல்லைப் பற்றிச் சொன்னார். பியாட்ரிஸ் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்: "திங்கக்கிழமை எத்தனை மணிக்குங்க?"